மேலே முந்திரி, கீழே கரி... நடுவில் காணாமல் போன தண்ணீர்!

மங்கலம்பேட்டை முதல் பிச்சாவரம் வரை: கடலூர் மாவட்டத்தின் நிலத்தையும் நீரையும் மனிதக் கை புரட்டிப்போட்ட கதை

சித்திரை பிறந்துவிட்டால் விருத்தாசலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் ரிக் வண்டிகள் கண்ணில் படாத நாள் குறைவு. மங்கலம்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ராத்திரி கம்ப்ரசர் சத்தம் கேட்டால், யார் கொல்லையில் என்று விசாரிப்பதற்கு முன்பே எத்தனை அடி போயிருக்கிறது என்று விசாரிக்கிறார்கள்.

முந்திரிக் கொல்லையின் ஓரத்தில், நீரோட்டம் பார்த்துக் குறித்துவைத்த இடம். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டியாயிற்று. திருச்செங்கோட்டு வண்டி, லைட் வெளிச்சத்தில் ராடுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறது. முதலில் செம்மண், பிறகு மஞ்சள், அப்புறம் வெளுத்த தூள். வருவதெல்லாம் புகைதான். அது பக்கத்து மரங்களின் இலைகளில் வெள்ளையாகப் படிகிறது. கொல்லைக்காரர் குனிந்து, குழியருகே விழும் தூளை உள்ளங்கையில் எடுத்துப் பிசைந்து பார்க்கிறார். ஈரம் இல்லை. இன்னும் நாலு ராடு இறக்கலாமா என்று ரிக்காரர் கேட்கிறார். ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் கூடும். நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் எந்த அடியோடு தீரும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. பிறகு தலையாட்டுகிறார்.

விடிவதற்குள் தண்ணீர் தட்டலாம், தட்டாமலும் போகலாம். ஆனால் இதே மாவட்டத்தில், பூமிக்குள் குழாயை இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பொங்கி வழிந்த காலம் ஒன்று இருந்தது. நெய்வேலி, சேத்தியாத்தோப்பு பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் அந்தக் கதையைச் சொல்வார்கள். அரசியல் மேடைகளில் அது ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: அன்று எட்டடியில் இருந்த தண்ணீர் இன்று ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். தண்ணீர் கீழே போனதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரால் போனது என்பதில்தான் சண்டை.

அந்தச் சண்டைக்குள் போவதற்கு முன், காலடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இரண்டு பூமிகளின் வாசல்

மங்கலம்பேட்டை பேரூராட்சி இருப்பது ஒரு விசித்திரமான எல்லையில். இங்கிருந்து மேற்கே, கள்ளக்குறிச்சி பக்கம் போகப் போகக் கருங்கல் பூமி. பாறை இடுக்கில் இருப்பதுதான் அங்கே தண்ணீர். கிழக்கே நெய்வேலி, பண்ருட்டி பக்கம் போகப் போக மணற்பாறை. புவியியல் ஆய்வாளர்கள் இதற்கு 'கடலூர் மணற்பாறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செம்மண் மேட்டில் விழும் மழை, இந்த மணற்பாறைக்குள் இறங்கி, அடியிலேயே கடலை நோக்கிச் சரிந்து போகிறது. போகிற வழியில் அதற்கு மேலே களிமண் அடுக்கும் பழுப்பு நிலக்கரி அடுக்கும் மூடிக்கொள்கின்றன. மேட்டில் விழுந்த மழையின் எடை பின்னாலிருந்து தள்ள, மேலே வழி இல்லாமல் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது நீர். அங்கே ஒரு துளை போட்டால் பீறிட்டு வரும். மோட்டார் இல்லாமல் பொங்கிய கிணறுகளின் ரகசியம் இதுதான்.

ஆக, கிழக்கே பொங்கிய தண்ணீருக்கு மேற்கேயும் வடமேற்கேயும் இருக்கும் செம்மண் மேடுகள்தான் தாய்வீடு. மேட்டில் மரம் போனாலும், ஏரி தூர்ந்தாலும், கீழே குழி தோண்டினாலும் ஒன்றின் பலனை இன்னொன்று அனுபவித்தாக வேண்டும். கடலூர் மாவட்டத்தின் 200 ஆண்டுக் கதை இந்த ஒரே உறவின் கதை.

காடு கரியானது; கரியைத் தேடிக் காடு போனது

மண்ணில் மனிதக் கை படுவது இங்கே புதிதல்ல. 10-ம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரியே ஒரு பெரிய மாற்றம்தான். ஆனால் காட்டைத் தொழிற்சாலைக்கு விறகாக்கும் வேலை 1830-ல் பரங்கிப்பேட்டையில் தொடங்கியது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு ஆலை வைத்தார். சேலத்திலிருந்து இரும்புத்தாது வந்தது. உருக்க நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். அதற்காகத் தென்னாற்காடு, சேலம் பகுதிகளின் காடுகள் வெட்டப்பட்டன. பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, வேல்ஸில் உள்ள பிரிட்டானியா பாலம் வரை போனது. பக்கத்துக் காடுகள் தீரத் தீர, தூரத்திலிருந்து கரி கொண்டுவர வேண்டியதாயிற்று. செலவு ஏறியது. நஷ்டத்தில் தள்ளாடிய ஆலையைச் சில பத்தாண்டுகளில் மூடினார்கள். போன காடு திரும்பவில்லை.

காலியான செம்மண் மேட்டில் முந்திரி வந்து உட்கார்ந்தது. போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், இன்று பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்தின் அடையாளம். மானாவாரி மண்ணுக்குப் பொருந்திப்போன மரம் என்பதால் இது நிலத்தடி நீரைத் தொடவில்லை. தொட்டது வேறு.

1935-ல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட காடு அது. பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் சுரங்கத்தில் கரி அடுக்கு வெளிப்பட்டது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டப்பட்ட அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்பஞ்சத்தில் தவித்த தமிழகத்துக்கு நெய்வேலி வெளிச்சம் கொடுத்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையல்ல.

---
பெட்டிச் செய்தி 1: 1,000 ஆண்டுகள், ஒரு பார்வை

• 10-ம் நூற்றாண்டு: சோழர் காலத்தில் வீராணம் ஏரி வெட்டப்படுகிறது.
• 1830: பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை. மரக்கரிக்காகக் காடழிப்பு.
• 1836: கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் திட்டப்படி கீழணை.
• 1935: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தென்படுகிறது.
• 1956 - 1962: நிறுவனம், சுரங்கம், மின் நிலையம்.
• 1980-கள்: கடலூர் கடலோரத்தில் சிப்காட் ரசாயன ஆலைகள்.
• 2004: வீராணம் நீர் சென்னைக்குப் போகிறது. டிசம்பரில் சுனாமி.
• 2011 டிசம்பர் 30: தானே புயல்.
• 2015 நவம்பர் 9: நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை.
• 2022: பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம்.
• 2023: வளையமாதேவியில் நெற்பயிருக்குள் இயந்திரங்கள்.
---

ஒரே சுரங்கம், இரண்டு வழியாக இறைப்பு

திறந்தவெளிச் சுரங்கத்தின் ஓரத்தில் நின்றால் முதலில் கண்ணில் படுவது படிக்கட்டுகளாக இறங்கும் மண்சுவர். மேலே செம்மண், கீழே வெளிர் நிறங்களில் மணற்பாறை, களிமண், அடியில் கறுப்புக் கோடு. ஜெர்மன் தொழில்நுட்பத்தில் உருவான ராட்சச வாளிச் சக்கரங்கள் மண்ணைச் சுரண்டி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் பெல்ட்டில் கொட்டுகின்றன. ஒரு டன் கரி எடுக்க 5 கன மீட்டருக்கும் மேல் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண் குன்றுகளாக நிற்கிறது. சமவெளியாக இருந்த ஊரில் இப்போது மலை இருக்கிறது, பள்ளத்தாக்கும் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதது கறுப்புக் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. அழுத்தத்தோடு அடைபட்ட நீர், கொதிக்கும் பானை மூடியைத் தள்ளுவதுபோல, கரி அடுக்கை அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் மண்ணின் எடைதான் அதை அமுக்கி வைத்திருந்தது. மண்ணை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல், நிறுத்தாமல் நீரை இறைக்கிறார்கள். இந்த இறைப்பு நின்றால் சுரங்கம் இல்லை. 1960-களிலிருந்து இது நடக்கிறது.

அழுத்தம் குறைந்தால் பொங்கிய கிணறு பொங்காது. இது யாரும் மறுக்க முடியாத இயற்பியல். சுரங்கத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு நிலத்தடி நீரின் அழுத்த மட்டம் சரிந்தது அப்படித்தான்.

ஆனால் சுரங்கம் மட்டுமே காரணமா? இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். நெய்வேலியின் முதல் மின் நிலையத்தில் உற்பத்தியான மின்சாரம் தமிழ்நாடு மின்வாரியத்துக்கே போனது. அதே காலகட்டத்தில் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டு, பம்ப்செட்டுக்கு லைன் கொடுத்தார்கள். மாடு பூட்டி இறைத்த கவலை மூலையில் சாய்ந்தது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், மோட்டார் களைப்பதில்லை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு, பெண்ணாடம் என்று சர்க்கரை ஆலைகள் இருந்ததால் கரும்பு பரவியது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் குடிக்கும் பயிர் அது. மேட்டு நிலத்தில் சவுக்கும் தைலமரமும் நின்றன.

ஆக, சுரங்கம் தன் கையால் இறைத்தது ஒரு பக்கம்; தன் மின்சாரத்தால் இறைக்க வைத்தது இன்னொரு பக்கம். விவசாயியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. விளைச்சலைப் பெருக்கு என்று அரசாங்கமே சொன்னது, கடன் கொடுத்தது, லைன் கொடுத்தது. விவசாயி அதைக் கேட்டு நடந்தார். இன்று ஆழ்குழாய்க்குக் கடன் வாங்கி நிற்பதும் அவரே.

மங்கலம்பேட்டை பக்கத்து வட்டக் கிணறுகளை எட்டிப் பார்த்தால் இந்த வரலாற்றைப் படித்துவிடலாம். மேலே கல் வைத்துக் கட்டிய சுற்றுச்சுவர். அதற்குக் கீழே, பிறகு ஆழப்படுத்தியதற்கு அடையாளமாக வெட்டுத் தடம். அடியில், கிணற்றுக்குள்ளேயே போட்ட போரின் கேசிங் பைப். அந்தப் பைப்பும் காய்ந்த பிறகு, பத்தடி தள்ளிப் போட்ட புது போர். ஒவ்வொரு தடமும் ஒரு தலைமுறையின் கடன்.

---
பெட்டிச் செய்தி 2: சுரங்கத் தண்ணீர் எங்கே போகிறது?

• சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் மின் நிலையங்களுக்கும் நெய்வேலி நகரியத்துக்கும் போகிறது.
• மிச்சம் செங்கால் ஓடை, பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது.
• தூர்ந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருந்த வாலாஜா ஏரி, சுரங்க நிறுவனத்தின் நிதியில் தூர்வாரப்பட்டு மீண்டது.
• சென்னையின் வறட்சிக் காலங்களில் நெய்வேலி வட்டார நிலத்தடி நீரும் தலைநகருக்குப் போயிருக்கிறது.
---

சுரங்கத்தை எதிர்க்கவும் முடியாது, நம்பவும் முடியாது

மேலே உள்ள பெட்டியைப் படித்தால் சுரங்கம் ஊருக்கு உபகாரம் செய்வதுபோலத் தெரியும். குறிஞ்சிப்பாடி பக்கம் அது உண்மையும்கூட. அங்கே பல கிராமங்களின் நெல் சாகுபடி, சுரங்கம் வெளியேற்றும் நீரை நம்பி நடக்கிறது. அதே விவசாயிகளின் கிணறுகளை வற்றவைத்த இறைப்பே இப்போது அவர்களின் வாய்க்காலில் ஓடுகிறது. முன்பு நிலத்துக்கு அடியில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த நீர், இன்று ஒரு நிறுவனத்தின் மோட்டார் ஓடினால் வருகிறது. எந்த ஓடையில் எவ்வளவு திறப்பது என்பதை முடிவு செய்கிற இடம் வயலில் இல்லை.

வருகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. 2023 ஆகஸ்டில் 'பூவுலகின் நண்பர்கள்', 'மந்தன் அத்யயன் கேந்திரா' ஆகிய அமைப்புகள் நெய்வேலி, பரங்கிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் எடுத்த ஆய்வை வெளியிட்டன. நீரிலும் மண்ணிலும் மாசு, சில இடங்களில் பாதரசம் என்று அது சொன்னது. செய்தியைப் பார்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகளிலும், பல நீர்நிலைகளில் பாதரசம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. பாதரசம் ஏரியில் மீனுக்குள் சேர்ந்து, மீனிலிருந்து மனிதருக்கு வரும். நரம்பு மண்டலத்தைத் தாக்கும். பெருமாள் ஏரி மீன் கடலூர்ச் சந்தைக்கு வருகிறது என்பதை நினைத்தால் இது நெய்வேலிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல.

வளையமாதேவியில் நடந்தது

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவி. பச்சை கட்டி நின்ற நெல் வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. சுற்றிலும் போலீஸ். நெய்வேலி நிறுவனத்தின் விரிவடையும் இரண்டாவது சுரங்கத்துக்கு வழிவிட்டு, பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டும் வேலை அது. 12 கிலோமீட்டர் வாய்க்காலில் பெரும்பகுதி முடிந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் பாக்கி இருந்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். நிலத்தை எடுத்த பிறகும் உழுது பயிர் வைக்க விட்டுவிட்டு, கதிர் வரும் நேரத்தில் வந்து அழிப்பது என்ன நியாயம் என்றார்கள் விவசாயிகள்.

இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது.

ஆறு என்பது தன் போக்கில் வளைந்து, வழியில் உள்ள தாழ்வுகளை நனைத்துக்கொண்டு போவது. நேராக வெட்டிய வாய்க்காலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெள்ளத்தைச் சீக்கிரம் கடத்திவிடும் என்பது நிறுவனத்தின் வாதம். கடத்திவிடும்தான், எங்கே என்பதுதான் கீழே உள்ள ஊர்களின் கேள்வி.

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 ஏப்ரலில், ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று தமிழகப் பகுதிகள் இருந்தன. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில் மூன்றும் நீக்கப்பட்டன. 2020-ல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களைக் காப்பாற்றுகிறது. நீரைப் பெற்று விளையும் காவிரி டெல்டாவுக்குச் சட்டக் கவசம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் விருத்தாசலம் இல்லை. மழை நீரை உள்வாங்கும் மேட்டு நிலத்துக்கு அப்படி ஒரு கவசமும் இல்லை.

வீராணம் யாருக்கு?

கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் பெற்று, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களை நனைத்து வந்த வீராணத்துக்கு 2004-ல் புது வேலை கொடுத்தார்கள். சுமார் 230 கிலோமீட்டர் குழாயில், ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் குடிநீர் சென்னைக்கு. 1970-களிலேயே இந்தத் திட்டத்துக்காகக் கொண்டுவந்த ராட்சசக் குழாய்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், அதற்குள் குடும்பங்கள் குடியிருந்ததும் அந்தக் காலத்துப் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

தலைநகரின் தாகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீராணத்தில் நீர் இறங்கும் ஒவ்வொரு கோடையிலும் ஒரே கேள்வி எழுகிறது: வயலுக்கா, குழாய்க்கா? ஏரியின் அடியில் வண்டல் சேரச் சேர, பங்கு போடும் அளவும் சுருங்குகிறது. இன்னொரு பக்கம் கொள்ளிடத்தில் பல ஆண்டுகளாக மணல் அள்ளியதில் ஆற்றுப்படுகை தாழ்ந்தது. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறி வந்து, கரையோரக் கிராமங்களின் நிலத்தடி நீர் உப்பானது. அதைத் தடுக்க ஆதனூர் - குமாரமங்கலம் இடையே கதவணை கட்ட வேண்டியதாயிற்று. மணலை விற்ற லாபம் ஒருவருக்குப் போனது. கதவணைக்கான செலவு அரசு கஜானாவிலிருந்து வந்தது.

காய்ந்தாலும் தொல்லை, பேய்ந்தாலும் தொல்லை

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் பாட்டன் வைத்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. ஒட்டுமுந்திரிக் கன்று மூன்று, நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கிவிடும். பலா அப்படியல்ல, அது முழு வருமானம் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். புயலை மனிதர் உண்டாக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு மரங்களையே வரிசையாக நட்டு, ஊரின் வருமானம் முழுவதையும் அவற்றில் கட்டிவைத்தது நாம்தான். அதனால்தான் ஒரு ராத்திரிக் காற்று பல ஆண்டுப் பிழைப்பை அடித்துக்கொண்டு போனது.

2015 நவம்பர் 9-ம் தேதி வந்தது மழை. நெய்வேலியில் மட்டும் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். பண்ருட்டி அருகே விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களில் ஓடை வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்கள் போயின. செம்மண் மேட்டின் ஓடைகள் அரித்து அரித்து ஆழமானவை. கோடையில் அவற்றில் ஆடு மேயும். வழியை மறித்துக் கட்டிய வீடும் விளைநிலமும் மழை வலுக்கும்போதுதான் தாங்கள் ஓடைக்குள் இருப்பதை அறிகின்றன.

தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீரில் சாவது எப்படி? மழை இறங்கி ஊற இடமும் நேரமும் இல்லாமல் போனால் இரண்டும் ஒரே ஊரில் நடக்கும். மேட்டு ஏரிகளில் சீமைக் கருவேலம் மண்டி, வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், பெய்த மழை அன்றைக்கே ஓடையில் இறங்கி, மறுநாள் கடலில் சேர்ந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து ரிக் வண்டி வருகிறது.

கடைமடையில் ஒரு நல்ல செய்தி

மேட்டில் தொடங்கிய கதை கடலோரத்தில் முடிகிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றிய குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் காற்றில் வரும் நாற்றத்தை நாட்குறிப்பில் எழுதி, தாங்களே காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்பி, அதிகாரிகளைக் கேள்வி கேட்டார்கள். மாசை எதிர்க்கும் ஊர்மக்கள் கையில் ஆதாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி.

இன்னும் தெற்கே பிச்சாவரம் இருக்கிறது. இங்கேயும் காடு அழிந்தது மனிதக் கையால். அதை மீட்டதும் மனிதக் கை.

---
பெட்டிச் செய்தி 3: பிச்சாவரம் மீண்ட விதம்

• வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்களுக்கு இடையே உள்ள அலையாத்திக் காடு. ராம்சார் பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர்.
• முன்பு பகுதி பகுதியாக மொத்தமாக மரம் வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து நீர் தேங்கியது. வெயிலில் ஆவியாகி உப்பு ஏறியது. காடு தானாக முளைக்கவில்லை.
• 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். பிறகு கன்று நட்டார்கள்.
• 2004 சுனாமியில், காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.
---

பிச்சாவரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கன்று நடுவதற்கு முன் தண்ணீருக்கு வழி விட்டார்கள். அந்த வாய்க்கால்கள் வண்டல் படிந்து அடைபடும். அவ்வப்போது தூர்வார வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளக் கிராம அளவில் குழு அமைத்தார்கள். நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்று சுற்றுலாப் படகுகள் போகும் காடு இருந்திருக்காது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரில் தூர்வாரிய பல ஏரிகள் மறுபடி கருவேலம் முளைத்துக் கிடப்பதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முதல் நாள் வேலைக்குப் பணம் ஒதுக்குகிறோம். பத்தாவது வருஷ வேலைக்கு ஆள் வைப்பதில்லை.

மோட்டார் நிற்கும் நாளில்...

1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தை 2020-ல் மூடிவிட்டார்கள். நாட்டின் மின்சாரம் சூரியனுக்கும் காற்றுக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. நெய்வேலி நிறுவனமே சூரிய மின்சாரத்தில் இறங்கியிருக்கிறது. இன்றோ நாளையோ இல்லாவிட்டாலும், கரி எடுப்பது ஒருநாள் நிற்கும். அன்றைக்குச் சுரங்கத்தைச் சுற்றிய கிணறுகளின் மோட்டார்களும் நிற்கும்.

அப்போது அடியில் அடங்கிக் கிடந்த நீர் மெல்ல ஏறும். குழிகள் ஏரிகளாகும். அந்த நீர் குடிக்க லாயக்கா, பாசனத்துக்கு லாயக்கா? சுரங்க நீரை நம்பியிருக்கும் வாலாஜா, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு மாற்று என்ன? மண்குன்றுகளை யார் பராமரிப்பது? சுரங்கம் நடத்துகிறவர்கள் மூடும் திட்டம் தயாரித்து, அதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவர வேண்டும் என்று ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் 2009-லேயே விதி செய்திருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விகளுக்கான பதில் எங்கோ ஒரு கோப்பில் இருந்தாக வேண்டும். அது தமிழில், ஊர்மக்கள் படிக்கிற மாதிரி வெளியே வரவேண்டும்.

மேற்கே, மேட்டில் செய்ய வேண்டியது வேறு. மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பகுதியின் ஏரிகளும் ஓடைகளும் அந்தந்த ஊரின் சொத்து மட்டுமல்ல. கிழக்கே கடல் வரை உள்ள நிலத்தடி நீருக்கு அவைதான் வரவுக் கணக்கு. டெல்டாவைக் காக்க ஒரு சட்டம் வந்ததுபோல, நீர் உறிஞ்சும் இந்த மேட்டையும் குறித்துக் காப்பாற்ற ஒரு ஏற்பாடு வேண்டும். வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பை எடுப்பதும், ஏரியைத் தூர்வாரிய பிறகு ஆண்டுதோறும் பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்குவதும் அதில் முதல் வேலை. கரும்புக்கும் சவுக்குக்கும் பதிலாக உளுந்து, மணிலா, சிறுதானியம் போட்டால் நஷ்டம் வராது என்று விலையில் உத்தரவாதம் தந்தால், போர் போடும் அவசரமும் குறையும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அரசின் கண்காணிப்புக் கிணறுகளில் நிலத்தடி நீர் மட்டம் அளக்கிறார்கள். சுரங்கத்தில் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அன்றைய கூட்டத்தில், விருத்தாசலம் முதல் குறிஞ்சிப்பாடி வரை உள்ள ஒவ்வொரு ஊரிலும், போன ஆண்டு எத்தனை அடி, இந்த ஆண்டு எத்தனை அடி, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று மூன்று எண்களை வாசித்துக் காட்டினால் போதும். அதற்குப் பெரிய திட்டமோ, பெரிய நிதியோ வேண்டாம். ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். எண் கையில் வந்துவிட்டால், ரிக் வண்டியைக் கூப்பிடுவதா ஏரியை வெட்டுவதா என்பதை ஊரே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளும்.